இருபத்திரண்டு படங்களில் ஒரு நசுங்கல்

அவித்த முட்டையை நூலால் அறுக்க ஷர்மினிக்குத் தெரியும். தையல் நூலை முட்டையைச் சுற்றிக் கட்டி, இரண்டு முனைகளையும் மெல்ல இழுக்க வேண்டும். கத்தி வைத்தால் மஞ்சள் கரு உதிர்ந்துவிடும். நூலில் ஒரு துணுக்குகூட வீணாகாது.

போன வருடம் ஆளுக்கு ஒரு முட்டை இருந்தது. இந்த வருடத் தொடக்கத்தில் அது ஆளுக்குப் பாதியானது. இப்போது நாலு பேருக்கு ஒரு முட்டை. தம்பி கோகிலன் மேசையில் தாடையை வைத்துக்கொண்டு, எந்தத் துண்டு பெரியது என்று ஒற்றைக் கண்ணால் அளந்து பார்ப்பான். அவனுக்கு ஆறு வயது. கண் மட்டும் நீதிபதியின் கண்.

"அக்கா, உன்னோடதுல மஞ்சள் கூட இருக்கு."

"வேணும்னா மாத்திக்கோ."

"வேணாம். மாத்தினா இதுல வெள்ளை கம்மியாயிரும்."

அவர்கள் இருந்த இடத்துக்கு அஞ்சாங்கட்டை என்று பெயர். ஈப்போ நகரத்திலிருந்து ஐந்து மைல்; மைலை அங்கே கட்டை என்பார்கள். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்ததாம். இப்போது அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. இருபத்து நாலு வரிசை வீடுகள், தோட்டக் காலத்து மண்டபம் ஒன்று, பின்னால் கல்லுடைக்கிறவர்கள் பாதி தின்றுவிட்ட சுண்ணாம்பு மலை. அவ்வளவுதான். அந்த மாதம் தினமும் மழை பெய்தது. கால்வாய் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் போக வழியில்லாமல் வாசலிலேயே நின்றது. அஞ்சாங்கட்டையில் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது விலை ஒன்றுதான்.

ஷர்மினியின் அப்பா லோரி ஓட்டுபவர். வாரத்தில் நாலு நாள் தஞ்சோங் மாலிம், லூமுட் என்று சாலையிலேயே இருப்பார். அம்மா புனிதாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மாதச் சாமான் வாங்கப் போகும்போது அம்மா தள்ளுவண்டியைத் தள்ள, ஷர்மினி போனில் கணக்குப் போட்டுக்கொண்டே பின்னால் வருவாள்.

"எவ்வளவு ஆச்சு, ஷர்மினி?"

"எண்பத்தாறு இருபது."

"வெங்காயத்தைப் பாதியாக்கு."

"எண்பத்து மூணு."

"மைலோவைத் திருப்பி வெச்சிரு."

கோகிலன் வண்டிக்குள் இருந்த மைலோ பானப்பொடி டின்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். அவனையும் மைலோவையும் பிரிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும். பணம் வாங்கும் பெண் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

இப்படி இருந்தபோதுதான் மண்டபத்துச் சுவரில் அந்தப் பட்டியல் ஒட்டப்பட்டது.

தீபாவளியை முன்னிட்டு அஞ்சாங்கட்டையின் இருபத்து நாலு குடும்பங்களுக்கும் அன்பளிப்புக் கூடை! வழங்குபவர், குடியிருப்போர் சங்கத் தலைவர் விஸ்வநாதன். கூடைக்குள் ஐந்து கிலோ அரிசி, ஒரு போத்தல் எண்ணெய், ஒரு பொட்டலம் பருப்பு, ஒரு டின் பிஸ்கட், ஒரு டின் மைலோ.

பட்டியலில் மூன்றாவது பெயர் புனிதா.

அம்மா அதை இரண்டு தடவை படித்தார். அன்றைக்கே அரிசி வாங்க வைத்திருந்த காசை எடுத்துப் பள்ளிப் பேருந்துக்குக் கட்டிவிட்டார்.

"ஹம்பர் கூடை வருதுல்ல. அரிசி இந்த வாரம் வாங்க வேணாம்" என்றார். அந்த வாரம் அம்மா சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

விழா ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அம்மாவுக்கு அன்று கூடுதல் நேர வேலை. அவருக்குப் பதிலாக ஷர்மினி போனாள். ஒட்டிக்கொண்டு கோகிலனும் வந்தான்.

மண்டபத்தை அடைத்துக்கொண்டு ஒரு பேனர் தொங்கியது. அதில் தலைவரின் முகம் ஒரு மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது. கூடையின் படம் ஒரு மூலையில் சுண்டைக்காய் அளவில் இருந்தது. மேசைமேல் கண்ணாடித் தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டிய ஆறு கூடைகள்.

"ஆறுதான் இருக்கு" என்றான் கோகிலன்.

"மீதி லோரியில வருதாம். சும்மா இரு."

தலைவர் விஸ்வநாதன் ஈப்போவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அவருக்கு ஒலிபெருக்கி என்றால் உயிர். பத்துப் பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருப்பதுபோலத்தான் பேசுவார்.

"விலைவாசி ஏறலாம்! ஆனால் நம் உள்ளம் இறங்கக் கூடாது!" என்று முழங்கினார். "சிக்கனம்! சிக்கனம்தான் நம்மைக் காக்கும்! ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிட வேண்டும் என்று யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த விருந்தினர்களுக்குச் சுடச்சுடப் பிரியாணி வந்துகொண்டிருந்ததால், அவர்களும் எதுவும் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். சங்கச் செயலாளர் சன்னாசி ஒரு கையில் போனும் இன்னொரு கையில் பட்டியலுமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"புனிதா குடும்பம்! வாம்மா, வாம்மா. ஐயா பக்கத்துல நில்லு. கூடையைப் பிடி. ரெண்டு கையாலயும் பிடி!"

கூடை, ஷர்மினி நினைத்ததைவிடக் கனம். வாங்கும்போது கை வழுக்கியது. மேசை முனையில் கூடை மோதியது. *டங்!* ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியதால் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அவள் பார்த்துவிட்டாள். மைலோ டின்னின் வயிற்றில், சரியாக நடுவில், பெருவிரல் புதைகிற அளவுக்கு ஒரு நசுங்கல்.

"சிரி! போட்டோ எடுக்கணும்லா!"

சிரித்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு சிரிக்கிறவர்கள் எப்படிச் சிரிப்பார்களோ அப்படி.

படம் எடுத்ததும் சன்னாசி கூடையைப் பிடுங்கிக்கொண்டார். "கனமா இருக்கும்லா, நீ எப்படித் தூக்குவ? சாயங்காலம் எல்லாம் லோரியில வீட்டு வாசலுக்கே வரும். போம்மா, போய் மிக்ஸ்சர் வாங்கிக்கோ. அடுத்து... கலாதேவி குடும்பம்!"

கூடையோடு அவர் பேனருக்குப் பின்னால் மறைந்தார். கொஞ்ச நேரத்தில் கூடையோடு திரும்பி வந்தார்.

அன்று சாயங்காலம் லோரி வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை சன்னாசியிடம் கேட்டபோது, "வந்துகிட்டே இருக்கு" என்றார். எங்கிருந்து வருகிறது என்று அவர் சொல்லவில்லை. கோலா கங்சாரிலிருந்து நடந்தே வந்திருந்தாலும் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

புதன்கிழமை காலையில் அம்மா அரிசி வாளிக்குள் பால் டின்னை விட்டார். அது வாளியின் அடியில் உரசிச் சத்தம் போட்டது.

அஞ்சாங்கட்டையில் எல்லார் வீட்டிலும் அரிசி அளக்கக் கெட்டிப்பால் காலி டின்தான். ஷர்மினியின் வீட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று டின் வேண்டும். அன்று ஒன்றரைதான் தேறியது.

"ஷர்மினி, கலா அக்கா வீட்டுக்குப் போயி ரெண்டு டின் அரிசி கேட்டு வாங்கிட்டு வா. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் தந்திடறோம்னு சொல்லு."

பக்கத்து வீட்டுக் கலாதேவி கதவைத் திறந்து, டின்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"ஐயோ, நானே ஹம்பர் வருதுன்னு அரிசி வாங்கலலா! அந்தக் காசுக்கு கேஸ் வாங்கிட்டேன். இப்ப கேஸ் இருக்கு, மேல வைக்கத்தான் ஒண்ணும் இல்ல. இரு, காளியம்மா அக்காகிட்ட கேப்போம்."

காளியம்மா வீட்டிலும் அதே கதை. அவர் அரிசிக் காசில் மகன் காலுக்குச் சப்பாத்து வாங்கியிருந்தார். அதற்கடுத்த வீட்டில் மின்சாரப் பில். அதற்கும் அடுத்த வீட்டில் பல் வலி. வரிசையில் இருந்த எந்த வீடும் அந்த வாரம் அரிசி வாங்கவில்லை. எல்லாரும் ஒரே கூடையை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் ஒன்பதாம் வீட்டில் ஒரு டின் கிடைத்தது. அன்று இரவு கொஞ்சம் சோறும், மரவள்ளிக் கிழங்கும், ரசமும். அம்மா தன் தட்டில் கிழங்கை மட்டும் வைத்துக்கொண்டு, "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்றார். கோகிலன் அதை நம்பினான். ஷர்மினி தன் சோற்றில் பாதியை அம்மாவின் தட்டில் தள்ளிவிட்டு, "எனக்கும் கிழங்கு வேணும்" என்றாள். அம்மா கிழங்கைக் கொடுத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் கோகிலன் அம்மாவின் போனை எடுத்து, 'அஞ்சாங்கட்டை உறவுகள்' வாட்ஸ்அப் குழுவைத் திறந்தான். விழாப் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. இருபத்து நாலு படம். எல்லாவற்றிலும் தலைவர் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். கோகிலன் பார்த்தது அவரை இல்லை. மைலோவை.

"அக்கா, பாவம்லா எல்லாரும்."

"ஏன்?"

"எல்லாரோட மைலோவும் நசுங்கியிருக்கு."

ஷர்மினி போனை வாங்கினாள். முதல் படத்தில் மைலோ டின் வழவழவென்று இருந்தது. இரண்டாம் படத்திலும் அப்படித்தான். மூன்றாவது படத்தில் அவள். டின்னின் வயிற்றில் நசுங்கல். நான்காவதில் கலாதேவி, அதே இடத்தில் நசுங்கல். ஐந்தாவதில் காளியம்மா, அங்கும் நசுங்கல். ஆறு, பத்து, பதினேழு, இருபத்து நாலு. ரிப்பனின் இடது ஓரம் பிரிந்திருந்ததும் எல்லாப் படத்திலும் அப்படியே இருந்தது.

அந்த நசுங்கலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடையது.

"அம்மா, இங்க பாரும்மா. எல்லாருக்கும் ஒரே கூடையைத்தான் காட்டியிருக்காங்க."

அம்மா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இத யாருகிட்டயும் பேசாத. தலைவர்கிட்டப் போயி கேட்டுறாத. கேட்டவங்க பேரு அடுத்த வருசம் லிஸ்ட்டுல இருக்காது."

"இந்த வருசமே ஒண்ணும் வரலியேம்மா."

"கேக்காதன்னா கேக்காத!"

அம்மாவின் குரல் கோபமாக இல்லை. பயமாக இருந்தது. அதுதான் ஷர்மினிக்கு அதிக வருத்தமாக இருந்தது.

படுக்கையில் வெகுநேரம் யோசித்தாள். அம்மா, கேட்கக் கூடாது என்றுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே?

வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும், தம்பியையும், அம்மா அன்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன போனையும் எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். தெருமுனையில் இருந்த அந்த வீட்டு வாசலில் இரண்டு சிமெண்டுச் சிங்கங்கள் இருந்தன. இரண்டும் பாசி பிடித்து, சளி பிடித்தவைபோல மழையில் நனைந்துகொண்டிருந்தன.

தலைவர் உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்தார். சன்னாசி பக்கத்தில் நின்று போனில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா? பள்ளிக்கூட நன்கொடையா? இன்னிக்கு இல்ல."

"இல்லய்யா. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

தலைவருக்கு மன்னிப்புக் கொடுப்பது மிகவும் பிடிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லு, சொல்லு. பயப்படாம சொல்லு."

"ஞாயித்துக்கிழமை கூடையை வாங்குறப்ப கை வழுக்கிருச்சு. மைலோ டின்னு மேசையில இடிச்சு நசுங்கிருச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல."

"அட! இதுக்கா?" தலைவர் கையை அகலமாக விரித்தார். ஒலிபெருக்கி இல்லாத குறையே தெரியவில்லை. "ஒரு டின் நசுங்கினால் என்ன? உண்மை பேசுகிற உன் உள்ளம் நசுங்கவில்லையே! சன்னாசி, இந்தப் பிள்ளையை ஒரு போட்டோ எடு!"

"ஒரு டின்னுன்னா பரவாயில்லய்யா. எனக்கு அப்புறம் வாங்கின இருபத்தோரு பேரோட டின்னும் நசுங்கிருச்சு."

தலைவரின் கை விரித்தபடியே நின்றது.

உள்ளிருந்து அவர் மனைவி விசாலி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அதெப்படிம்மா? நீ இடிச்சது ஒரு டின்னு. நசுங்கினது இருபத்திரெண்டா?"

"எனக்கும் புரியல ஆன்ட்டி. அதான் கேக்... மன்னிப்புக் கேக்க வந்தேன்." ஷர்மினி போனை நீட்டினாள்.

விசாலி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். மூன்று. நான்கு. ஐந்து. பத்தாவது படத்துக்கு மேல் அவர் படத்தைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார்.

"கார் கொட்டகையில தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கீங்களே, அது சிமெண்டு மூட்டைன்னீங்க?"

"சிமெண்டு மாதிரிதான்..." என்றார் தலைவர்.

சன்னாசி மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். "நில்லுப்பா சன்னாசி!" என்றார் விசாலி. நின்றுவிட்டார்.

தார்ப்பாயைத் தூக்கியதும் ஆறு கூடைகளும் இருந்தன. கோகிலன் நேராக ஓடிப் போய் ஒன்றைத் தொட்டான். "அக்கா! உன் நசுங்கல் இங்கதான் இருக்கு!"

"மீதி பதினெட்டு?" என்றார் விசாலி.

"மீதியே கிடையாது" என்றார் தலைவர். ஒலிபெருக்கிக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "விலை ஏறிப்போச்சு விசாலி. போன வருசம் ஒரு கூடை அம்பது வெள்ளி. இருபத்து நாலு கூடைக்கு ஆயிரத்து இருநூறு. அதே கணக்குலதான் கடைக்காரங்ககிட்ட வசூல் பண்ணேன். இந்த வருசம் போயி கேட்டா ஒண்ணு தொண்ணூத்தஞ்சுங்குறான்! நான் என்னா செய்ய?"

ஷர்மினி பழக்கதோஷத்தில் மனக்கணக்குப் போட்டுவிட்டாள். "அப்படின்னாலும் பன்னெண்டு கூடை வந்திருக்கணுமேய்யா?"

தலைவர் சன்னாசியைப் பார்த்தார். சன்னாசி சிமெண்டுச் சிங்கத்தைப் பார்த்தார்.

"பேனர் நூத்தம்பது" என்றார் சன்னாசி, சிங்கத்திடம். "கூடாரம், நாற்காலி இருநூறு. விருந்தாளி சாப்பாடு இருநூத்து எண்பது."

"பேனர் ஒண்ணரைக் கூடை" என்றாள் ஷர்மினி. "சாப்பாடு கிட்டத்தட்ட மூணு கூடை."

கொட்டகைத் தகரத்தில் மழை பேசிக்கொண்டிருந்தது.

"ஆறு கூடையை எந்த ஆறு வீட்டுக்குக் குடுக்குறது?" என்றார் தலைவர் கடைசியில். "ஆறு வீட்டுக்குக் குடுத்தா பதினெட்டு வீடு காறித் துப்பும். நாலு நாளா எனக்கும் சாப்பாடு இறங்கல."

"எங்களுக்கும் இறங்கல" என்றான் கோகிலன். "இருந்தாத்தானே இறங்கும்."

விசாலி அவனைத் திரும்பிப் பார்த்தார். "என்னாடா சொன்ன?"

ஷர்மினிக்கு முகம் சுட்டது. ஆனாலும் சொன்னாள். கூடை வருமென்று யாருமே அரிசி வாங்காததை, ஒரு டின்னுக்காக ஒன்பது வீடு ஏறி இறங்கியதை, மரவள்ளிக் கிழங்கை. அம்மாவின் தட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

விசாலி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கணவரைப் பார்க்காமல் கூடைகளையே பார்த்தார்.

"பிரிச்சிரலாம் ஆன்ட்டி" என்றாள் ஷர்மினி.

"கூடையைப் பிரிக்கிறதா?" தலைவர் பதறிப்போனார். "ரிப்பனை அவிழ்த்துட்டா அப்புறம் அதுக்கு என்னாம்மா மரியாதை? கூடைன்னா கூடை மாதிரி இருக்கணும்லா!"

"கூடையை அவிச்சுத் தின்ன முடியாது" என்றான் கோகிலன்.

கத்தரிக்கோலை எடுத்து வந்தது விசாலிதான். முதல் ரிப்பனையும் அவரே வெட்டினார்.

ஆறு அரிசிப் பைகளையும் பிரித்துப் பெரிய அண்டாவில் கொட்டினார்கள். விசாலி தராசை எடுக்கப் போனார். "தராசு வேணாம் ஆன்ட்டி. பால் டின்னு போதும். எல்லார் வீட்டுலயும் அதுலதான் அளப்பாங்க. ஏமாத்தலன்னு தெரியும்" என்றாள் ஷர்மினி.

முதல் டின்னைத் தலைவரே அள்ளினார். உச்சியில் கோபுரம்போல அரிசி குவிந்திருந்தது. கொடுக்கிறோம் என்ற பெருமிதம் அவர் முகத்தில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"கும்பாச்சியா போடாதீங்கய்யா. அப்புறம் கடைசி நாலு வீட்டுக்கு இருக்காது." ஷர்மினி பள்ளிப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து, டின்னின் வாயில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கோபுரம் அண்டாவில் விழுந்தது. "இப்படி."

வீட்டுக்கு நாலு டின். இருபத்து நாலு நெகிழிப் பைகள். அரிசி முடிந்தபோது அண்டாவின் அடியில் ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை. மீதிச் சாமான்கள் எண்ணெய் ஆறு, பருப்பு ஆறு, பிஸ்கட் ஆறு, மைலோ ஆறு. வீட்டுக்கு ஒன்று.

"யாருக்கு எதுன்னு எழுதிருவோமா?" என்று கேட்டார் சன்னாசி.

"அவங்களையே கேப்போம் அங்கிள். கலா அக்கா வீட்டுல கேஸ் இருக்கு, பருப்பு இல்ல. நமக்கு எப்படித் தெரியும்?"

விசாலி கணவரின் கையில் குடையைக் கொடுத்தார். "நீங்களே கொண்டு போயி குடுங்க. மைக் வேணாம்."

சன்னாசி சாமான் வண்டியைத் தள்ள, தலைவர் குடை பிடிக்க, அக்காவும் தம்பியுமாக நால்வரும் தெருவில் இறங்கினார்கள்.

முதல் வீட்டில் தலைவர், "விலைவாசி ஏற்றத்தின் காரணமாக, எதிர்பாராத சூழ்நிலையில், நமது சங்கமானது..." என்று தொடங்கினார். அந்த வீட்டுக்காரர் பையை வாங்கிக் கனம் பார்த்தார். தலைவர் முகத்தைப் பார்த்தார். தலைவர் பேச்சை மடித்து வைத்துக்கொண்டார்.

காளியம்மா வீட்டில் வேறு மாதிரி நடந்தது. அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"என்னா தலைவரே, போட்டோவுல அவ்வளோ பெரிய கூடை. கைக்கு வர்றப்ப இத்தினிக்கூண்டு பையா? மழையில நனைஞ்சு சுருங்கிருச்சோ?"

தலைவர் குடைக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "ஆறுதான் வாங்க முடிஞ்சிச்சு காளியம்மா. நான்... சொல்லியிருக்கணும்."

"ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா, சப்பாத்தை விட்டுட்டு நான் அரிசி வாங்கியிருப்பேன்ல?"

தலைவர் பையை நீட்டினார். காளியம்மா பையை வாங்கிக்கொண்டார். எண்ணெய் வேண்டும் என்றார். நன்றி என்று சொல்லவில்லை. உள்ளே போனவர் திரும்பி வந்து, "டே கோகிலா, மழையில நனையாதடா" என்று அவன் தலையில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போனார்.

பத்தாவது வீட்டைத் தாண்டியபோது தலைவரின் பேச்சு இரண்டு சொல்லாகக் குறைந்திருந்தது. இருபதாவது வீட்டில் "இந்தாங்க" மட்டும்தான்.

மைலோ டின்கள் போய்க்கொண்டே இருந்தன. நசுங்கியதை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் ஒரு தடவை அதைப் பார்ப்பார்கள். பிறகு பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். வண்டியில் அது குலுங்கும்போதெல்லாம் கோகிலன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு வீட்டைத் தாண்டியதும் மூச்சை விட்டான்.

கடைசியாக அவர்கள் வீடு. வண்டியில் ஒரு பையும், நசுங்கிய ஒரு டின்னும் இருந்தன.

அம்மா அப்போதுதான் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி வந்திருந்தார். வாசலில் தலைவரைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. "ஷர்மினி! என்னா செஞ்சே?"

"நான் எதையும் கேக்கலம்மா. மன்னிப்புத்தான் கேட்டேன்."

அம்மா தலைவரைப் பார்த்தார். தலைவர் குடையைப் பார்த்தார். "நாலு டின்னு இருக்கும்மா" என்றார் மெதுவாக. "நாளைக்கு வரைக்கும் வரும்."

"சனிக்கிழமை சம்பளம்" என்றார் அம்மா. அதை அவர் யாருக்காகவும் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

கோகிலன் மைலோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை பின்னால் வரிசை எதுவும் இல்லை. நசுங்கலில் பெருவிரலை வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது.

இருபத்து மூன்று வீட்டு வாசலிலும் சாமானை நீட்டி நீட்டிக் களைத்துப்போயிருந்த சன்னாசிக்கு, திடீரென்று தன் உத்தியோகம் நினைவுக்கு வந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, துடைத்து, உயர்த்தினார்.

"புனிதா அக்கா, பையை ரெண்டு கையாலயும் பிடிங்க. தலைவர் கொஞ்சம் பக்கத்துல வாங்க. சிரிங்க..."

அம்மாவின் கை தானாகப் பையைத் தூக்கிப் பிடித்தது. தலைவர் குடையைச் சரிசெய்தார்.

ஷர்மினி நடுவில் வந்து நின்றாள்.

"வேணாம் அங்கிள். போட்டோ போன ஞாயித்துக்கிழமையே எடுத்தாச்சு."

சன்னாசி தலைவரைப் பார்த்தார். தலைவர் மழையைப் பார்த்தார். போன் மெல்லச் சட்டைப் பைக்குள் இறங்கியது.

அப்புறம் அந்த இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று சன்னாசிக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மாவின் கையிலிருந்து அரிசியை வாங்கி, அடுப்படி வரைக்கும் கொண்டு வந்து வைத்தார்.